அம்மாவின் குளிசைகளை யார் கேட்பது? இங்கிலாந்தில் ரிப்பீட் மருந்து எடுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, லண்டன் ஹரோவில் இருக்கும் அம்மாவின் குசினி அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் அரிசிமாப் பேணிக்குப் பின்னால் 11 பெட்டி மெட்போமின் அடுக்கியிருந்தது. பக்கத்தில் அம்லோடிப்பின் பெட்டி ஒன்று. திறந்தால் தகட்டில் இரண்டே இரண்டு குளிசை. நேரம் பின்னேரம் ஆறு மணி. சேர்ஜரி, அதாவது குடும்ப டொக்டரின் நிலையம், ஆறரைக்குப் பூட்டிவிடும், இனித் திங்கள்தான்.

"சீனிக் குளிசை ஏனம்மா இவ்வளவு கிடக்குது?"

"அவங்கள் தாறாங்கள், நான் வாங்கிறன்."

"பிரஷர் குளிசை முடியப்போகுதே, சொல்லேல்லையே?"

"அதையும் தருவாங்கள் எண்டு நினைச்சன் பிள்ளை."

மருந்து கேட்பது யார் வேலை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் தீர்மானித்திருக்கவில்லை. பார்மசி பார்த்துக்கொள்ளும் என்று அம்மா இருந்தார், அம்மா பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். அதன்பிறகு ஒரு வருடமாக எங்கள் மூவருக்கும் எந்த வழி பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அம்மாவுக்கு 74 வயது, சலரோகம், பிரஷர், கொலஸ்ட்ரோல், மொத்தம் ஐந்து மருந்து. எனக்குத் தைரொயிட், ஒரே ஒரு குளிசை. கணவருக்கு 52 வயது, இரண்டு மருந்து, இரவு வேலை. மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு வழிதான் சரிவந்தது.

இங்கே எழுதுவது இங்கிலாந்து நடைமுறை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துக்குக் கட்டணமே இல்லை, வேறு சில ஒழுங்குகளும் மாறும்.

முதலில் நாட்கணக்கு. ரிப்பீட் மருந்து என்றால், குறித்த ஒரு மீளாய்வுத் திகதி வரை ஒவ்வொரு முறையும் டொக்டரைப் பார்க்காமலே திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்று ஜீபி (குடும்ப டொக்டர்) அனுமதித்த மருந்து. பெரும்பாலும் 28 நாளுக்கோ 56 நாளுக்கோ தருவார்கள். நீங்கள் கேட்டபிறகு சேர்ஜரி அதைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கப் பொதுவாக இரண்டு வேலைநாள் எடுக்கும். பிறகு டொக்டரின் மருந்துத் துண்டு (பிரிஸ்கிரிப்ஷன்) கணினி வழியாக நீங்கள் தெரிந்துவைத்த, அதாவது இங்கேதான் அனுப்பவேண்டும் என்று தெரிவுசெய்து பதிந்த, பார்மசிக்குப் போகும். அவர்கள் மருந்தை வரவழைத்துக் கட்டி வைக்க இன்னும் ஓரிரு நாள். சனி, ஞாயிறு, பாங்க் ஹொலிடே எதுவும் கணக்கில் வராது. ஈஸ்டருக்கு முந்திய வியாழன் கேட்டால், பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் போக, அடுத்த புதன், வியாழனில்தான் கையில் கிடைக்கும். அதனால் எந்த வழியில் போனாலும் குளிசை முடிய ஏழு நாள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். 28 நாள் ஒரு மாதமும் இல்லை. வருடத்துக்கு 13 தடவை வரும். "மாசத்தில முதலாம் திகதி" என்று மனதில் வைத்திருப்பவர்களுக்கு மருந்து தட்டுப்படுவது இதனால்தான்.

துண்டில் கோடு போட்டுக் கொடுப்பது

பழைய வழி, இன்னும் உயிரோடு இருக்கிறது. மருந்துப் பையோடு வரும் தாளில் உங்கள் ரிப்பீட் மருந்துகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. வேண்டியதற்கு மட்டும் அடையாளம் போட்டு சேர்ஜரி வாசலில் உள்ள பெட்டியில் போட்டால் போதும். போனோ பாஸ்வேர்டோ வேண்டாம். ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி, ஒரு வார்த்தை பேசாமல் வேலை முடிந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், பேனாவை எடுக்குமுன் அலுமாரியைப் பார்க்கத் தோன்றும் என்பது. குறை என்னவென்றால் தாள் தொலையும், சேர்ஜரிக்கு நடக்கவேண்டும், போட்ட தாள் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. போடுமுன் போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லிக் கேட்பதைப் பல சேர்ஜரிகள் நிறுத்திவிட்டன. மருந்துப் பெயர்கள் ஒன்றைப்போல ஒன்று ஒலிப்பதால் பிழை வரும் என்பது காரணம், அது நியாயமும்கூட. கண் தெரியாதவர்கள், வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்கள் கேட்டால் விதிவிலக்குத் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

என்எச்எஸ் செயலி

எனக்கு அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் இந்தப் போன் செயலிதான். தைரொக்சின் ஒன்றுதான் எடுக்கிறேன், அளவு மாறி வருடக்கணக்காகிறது. பஸ்ஸில் இருந்தபடியே மருந்தைத் தெரிந்து பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எப்போது கேட்டேன், ஒப்புதல் வந்ததா என்பதை அதிலேயே பார்க்கலாம். பார்மசியை மாற்றுவதும் அங்கேயே செய்யலாம். பார்மசி எதையும் தெரிந்துவைக்காதவர்களுக்கு, 2024 தை முதல் பார்மசியில் காட்ட பார்கோடும் செயலியிலேயே வருகிறது. 2025 முதல் பல பார்மசிகளில் மருந்து தயாராகிவிட்டதா என்றும் அதுவே சொல்கிறது, வெறுங்கையோடு திரும்பி வரும் நடை மிச்சம்.

பதிவு செய்வதுதான் மலை ஏறுவது. பாஸ்போட்டோ ஓட்டுநர் அனுமதிப்பத்திரமோ படம் எடுத்து, முகத்தையும் போனுக்குக் காட்டவேண்டும். அம்மாவின் பாஸ்போட் காலாவதியாகியிருந்தது, வாகனம் ஓட்டியதே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. சேர்ஜரியில் கேட்டால் பதிவுக்கான இலக்கங்கள் அடங்கிய ஒரு கடிதம் தருவார்கள், அதை வைத்துப் பதியலாம்.

அம்மாவின் செயலியை என் போனில் போட்டு நான் அவராக நடிப்பது சரியில்லை. அதற்கென்றே பிரதிநிதி அனுமதி என்ற ஒன்று உண்டு. அம்மா சம்மதித்துக் கையெழுத்து வைத்தால், என் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அவருடைய மருந்தை நான் கேட்கலாம். மருந்து கேட்க மட்டும் விட்டு, மற்ற மருத்துவக் குறிப்புகளைத் திறக்காமல் வைக்கவும் சொல்லலாம். தன் வருத்தமெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைக்கும் தாய் தகப்பனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் ஒரே சேர்ஜரியில் பதிந்திருந்ததால் எங்களுக்கு இது சுலபமாகக் கிடைத்தது.

செயலியில் ஓர் எச்சரிக்கை. மீளாய்வுத் திகதி கடந்திருந்தால் நீங்கள் கேட்டதை சேர்ஜரி நிறுத்தி வைக்கலாம். எனக்கு அப்படி நடந்தது. வருடாந்த இரத்தப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. தைரொக்சினின் அளவு சரியா என்று இரத்தம் பார்த்துத்தான் சொல்லமுடியும், ஆகவே அவர்கள் செய்தது சரி. கேட்டு இரண்டு நாளில் ஒருதடவை செயலியைத் திறந்து ஒப்புதல் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பார்மசியே கேட்டு எடுத்துத் தருவது

அம்மாவின் அலுமாரியில் 11 பெட்டி சேர்ந்தது இந்த வழியில்தான். அப்போது அவர் போய்வந்த பார்மசி, ஒவ்வொரு மாதமும் ஐந்து மருந்தையும் கேட்டு எடுத்து வைத்துவிடும். எது இருக்கிறது, எது இல்லை என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. பிறகு ஒருநாள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அறிவித்தல் ஆங்கிலத்தில் பைக்குள் இருந்திருக்கிறது, அம்மா வாசிக்கவில்லை. மெட்போமின் ஏற்கெனவே குவிந்து கிடந்ததால் தெரியவில்லை, அம்லோடிப்பின் முடியும்போதுதான் தெரிந்தது.

ஏன் மெட்போமின் மட்டும் குவிந்தது? அன்றிரவு இருத்திக் கேட்டபோதுதான் சொன்னார். பின்னேரக் குளிசையைப் போட்டால் வயிற்றைக் கலக்கிறது, அதனால் காலையில் மட்டும் போடுகிறாராம். எட்டு மாதமாக. டொக்டருக்குச் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. சேர்ஜரிக் கணினியிலோ எல்லா மருந்தும் ஒழுங்காகக் கேட்டு எடுக்கப்பட்டதாகவே இருக்கும். சீனி ஏன் இறங்கவில்லை என்று பார்க்கிற டொக்டர் குளிசையைக் கூட்டத்தானே நினைப்பார்? வயிற்றுக் குழப்பம் மெட்போமினில் பலருக்கும் வருவது. சொன்னபிறகு மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார்கள், இப்போது இரண்டு நேரமும் போடுகிறார். மிச்சம் கிடக்கும் பெட்டி வீண் செலவு மட்டும் இல்லை, நோயாளி வாய்திறந்து சொல்லாத ஒன்றை அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த 11 பெட்டியையும் பார்மசியில் திருப்பிக் கொடுத்தோம். திறக்காத பெட்டியானாலும் வேறொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள், அழித்துவிடுவார்கள். இப்படிக் குவிவதைக் கண்டுதான் சில வட்டாரங்களில், நோயாளிக்காகப் பார்மசி மருந்து கேட்பதை ஏற்கவேண்டாம் என்று சேர்ஜரிகள் முடிவெடுத்தன. எல்லாப் பார்மசியும் இப்படி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் போன் எடுத்து எது வேண்டும் என்று கேட்கிற இடம் என்றால், தனியே இருக்கும் முதியவர்களுக்கு இது நல்ல உதவி. கேட்காத இடம் என்றால் வேண்டாம்.

ஒரே தடவையில் ஒரு வருடத்துக்கு எழுதி வைப்பது

இதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு அதிகம் தெரியாது, ஆனால் ஆறு வழியிலும் எனக்கு மிகவும் மதிப்பு இதன்மேல்தான். இலத்திரனியல் ரிப்பீட் டிஸ்பென்சிங் என்பார்கள், சுருக்கமாக ஈஆர்டி. ஜீபி ஒருதடவை ஒப்புதல் கொடுத்து, 12 மாதம் வரைக்குமான துண்டுகளைத் தொடராகக் கணினியில் வைத்துவிடுவார். ஒவ்வொரு தவணையும் நேரம் வரும்போது தானாகப் பார்மசிக்கு வந்துசேரும். சேர்ஜரியிடம் மாதாமாதம் கேட்கும் வேலையே இல்லை.

இதுவும் பார்மசி தானாகத் தருவதுதானே என்று எனக்கும் முதலில் பயம் இருந்தது. வித்தியாசம் இதுதான்: இந்த முறையில் ஒவ்வொரு தவணையைக் கொடுக்குமுன்னும் பார்மசிஸ்ட் சில கேள்விகளைக் கேட்டாகவேண்டும். அம்மாவின் பார்மசியில் இருப்பவர் தமிழ்ப் பிள்ளை. கவுண்டரில் பையைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்பார்.

"அன்ரி, போன முறைக்குப் பிறகு டொக்டர், நேர்ஸ், ஆஸ்பத்திரி எண்டு எங்கையும் போனீங்களோ? புது மருந்து ஏதும் தந்தவையோ? குளிசை போட்டு ஏதாவது செய்யுதோ? இதில வீட்டில மிச்சம் கிடக்கிறது எது?"

மிச்சம் கிடக்கிறது என்று அம்மா சொன்னதை அந்த மாதம் கொடுக்காமல் விடுவார். முன்பு எட்டு மாதம் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

யாருக்குச் சரிவராது என்றால், மருந்தின் அளவு அடிக்கடி மாறுகிறவர்களுக்கு. சென்ற ஐப்பசியில் அம்மாவின் அம்லோடிப்பினை 5 மில்லிகிராமிலிருந்து 10க்குக் கூட்டினார்கள். கணினியில் மிச்சம் இருந்த தவணைகளை ரத்துச்செய்து புதிதாக எழுதவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பழைய 5 மில்லிகிராம் ஒருதடவை வந்துவிட்டது. பார்மசிஸ்ட் கேட்டதால் பிடிபட்டது. அளவு மாறினால் அன்றைக்கே பார்மசிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடும் கட்டுப்பாட்டில் உள்ள சில வலிநிவாரணிகளை இம்முறையில் எழுதமுடியாது.

சேர்ஜரி தானாக இதைப் பற்றிச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். மருந்து ஆறு மாதமாவது மாறாமல் இருந்தால் நீங்களே "ஈஆர்டி போடமுடியுமா?" என்று கேளுங்கள். அதோடு ஐந்து மருந்தும் ஒரே நாளில் முடியும்படி எண்ணிக்கையைச் சரிசெய்து தரச்சொல்லுங்கள். ஒன்று செவ்வாயும் மற்றது அடுத்த கிழமையும் முடிந்தால் எந்த வழியும் கைகொடுக்காது.

தபாலில் வருவது

கணவருக்கு இரவு வேலை. பார்மசி திறந்திருக்கும் நேரத்தில் அவர் நித்திரை. ஒன்லைன் பார்மசி ஒன்றைத் தெரிந்துவைத்தார், கடிதப் பெட்டிக்குள் நுழையும் அளவு பொட்டலமாக வருகிறது. மாறாத குளிசை இரண்டு மட்டும் என்பதால் அவருக்குப் பொருந்தியது. இன்சுலின்போலக் குளிரில் வைக்கவேண்டிய மருந்தானால், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வாசலில் கிடப்பதை நான் விரும்பமாட்டேன்.

இதில் ஒரு பொறி உண்டு, நாங்கள் அதற்குள் விழுந்தோம். மார்கழியில் அவருக்கு நெஞ்சுச் சளி. டொக்டர் அன்ரிபயோட்டிக் எழுதி, "அனுப்பிவிட்டேன்" என்றார். நான் பக்கத்துப் பார்மசிக்குப் போனால், "இஞ்ச ஒண்டும் வரேல்லையே அக்கா" என்கிறார் கவுண்டரில் நின்ற தம்பி. துண்டு ஒன்லைன் பார்மசிக்குப் போயிருந்தது, ஏனென்றால் அதுதானே அவர் தெரிந்துவைத்தது. திரும்ப சேர்ஜரிக்குப் போன் எடுத்து மாற்ற அரைநாள் போயிற்று. தபால் வழி வைத்திருப்பவர்கள் அவசர மருந்து எழுதும்போது, "இதை மட்டும் இன்ன பார்மசிக்கு அனுப்புங்கோ" என்று டொக்டரிடமே சொல்லிவிடவேண்டும்.

பேஸ்புக் விளம்பரத்தை அழுத்திப் படிவம் நிரப்பும்போதும் கவனம். நீங்கள் தெரிந்துவைத்த பார்மசி அதோடு மாறிப்போகலாம். பதியுமுன் அந்த பார்மசி, பார்மசிகளைக் கண்காணிக்கும் ஜெனரல் ஃபார்மசூட்டிகல் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

எடுக்கப் போகும்போது

உங்களுக்காக இன்னொருவர் எடுக்கலாம், பெயர், விலாசம், பிறந்த திகதி சொல்லத் தெரிந்தால் போதும். மருந்து கையிருப்பில் இல்லை, நாலு நாள் கழித்து வாங்கோ என்றால் பேசாமல் திரும்பி வராதீர்கள். இன்னும் எதையும் கொடுக்கவில்லை என்றால், துண்டைத் திரும்பக் கணினிக்கு விடச்சொல்லலாம், வேறு பார்மசி அதை இழுத்து எடுக்கும். ஒரு துண்டில் நான்கு மருந்து வரை இருக்கும். அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை இப்படி மாற்றுவது சிக்கல். ஆகவே பையை வாங்குமுன் "எல்லாம் இருக்கோ?" என்று கேளுங்கள்.

முற்றாக முடிந்துபோனால் 111 என்ற என்எச்எஸ் உதவிச் சேவை. அந்த வெள்ளி, இரண்டே குளிசை மிச்சம் இருக்க, நாங்கள் செய்தது அதுதான். 111 இணையத்தளத்தில் மருந்து முடியப்போகிறது என்று பதிந்தோம், திறந்திருக்கும் ஒரு பார்மசிக்கு அனுப்பினார்கள், சனி மத்தியானம் அம்லோடிப்பின் கையில் இருந்தது. ஊருக்குப் போவதென்றால் இதை நம்பமுடியாது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மாதம் நிற்கப் போகிறவர்கள் மூன்று நான்கு கிழமைக்கு முன்பே சேர்ஜரியில் சொல்லிவிடவேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள்.

காசு

2024 மே 1 முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட், 2025இலும் கூட்டவில்லை. 60 வயதானவர்களுக்கு இலவசம், ஆகவே அம்மாவுக்குச் செலவில்லை. தைரொக்சின் எடுப்பவர்களுக்கும், சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும் வயது எதுவானாலும் விலக்கு உண்டு. ஆனால் வருத்தம் இருந்தால் மட்டும் போதாது, சேர்ஜரியில் எஃப்பி92ஏ படிவம் நிரப்பி விலக்குச் சான்றிதழ் எடுத்திருக்கவேண்டும். அது ஐந்து வருடம் செல்லும். விலக்கு எல்லா மருந்துக்கும் சேர்த்துத்தான், தைரொக்சினுக்கு மட்டும் இல்லை. சான்றிதழ் இல்லாமல் "இலவசம்" என்று அடையாளம் போட்டால் மருந்துக் காசோடு 100 பவுண்ட் வரை தண்டம் வரலாம். சான்றிதழ் வரும்வரை காசு கட்டுகிறவர்கள், கட்டும்போதே எஃப்பி57 பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு தரமாட்டார்கள், அது இல்லாமல் திருப்பி எடுக்கவும் முடியாது.

கணவருக்கு விலக்கு இல்லை. 28 நாளுக்கு இரண்டு மருந்து, வருடத்துக்கு 13 தடவை, 257.40 பவுண்ட். முன்கூட்டிக் காசு கட்டிவிட்டு எத்தனை மருந்தும் எடுக்க விடும் முற்கட்டணச் சான்றிதழ் 12 மாதத்துக்கு 114.50 பவுண்ட், பத்துத் தவணையாகவும் கட்டலாம். 142.90 மிச்சம். வருடத்துக்கு 12 மருந்து வாங்கினாலே லாபம். இதை அறியாமல் அவர் மூன்று வருடம் முழுக்காசு கட்டினார், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு என் கருத்து இது. மருந்து மாறாமல் ஓடுகிறது, கவுண்டரில் கேள்வி கேட்கும் பார்மசிஸ்ட் இருக்கிறார் என்றால் ஈஆர்டி. அளவு மாறிக்கொண்டிருந்தால், அல்லது ஒன்றிரண்டு மருந்துதான் என்றால் செயலி. போன் சரிவராத, ஆனால் நடக்கக்கூடிய ஆளுக்குத் தாளைப் பறிக்காதீர்கள், அது அவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நேரமில்லாத, வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ள ஆளுக்குத் தபால். கேட்காமல் கட்டித் தரும் பார்மசியை விட்டு விலகுங்கள்.

அம்மாவின் குசினிச் சுவரில் தமிழ்க்கடையில் தந்த கலண்டர் தொங்குகிறது. அமாவாசை, பூரணை, சதுர்த்தி எல்லாம் குறித்த கலண்டர். அதில் நாலு கிழமைக்கு ஒரு செவ்வாயை அவரே சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்று காலை தேத்தண்ணி குடித்தபிறகு, அரிசிமாப் பேணியைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியாக இறக்கி எண்ணுவார். எண்ணிக்கையைத் துண்டில் எழுதிக்கொண்டுதான் பார்மசிக்குப் போவார். போன செவ்வாய் எனக்குப் போன் எடுத்தார்: "மெட்போமின் பதினைஞ்சு, மற்றதெல்லாம் ஏழு. ஒரு நேரம் விட்டிட்டன் போல, அதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறன்."